கதவுக்காரர் வாங்கிய வண்டி

எதைத் தொடுவதற்கு முன்னும் ஒருமுறை ஊதிவிட்டுத்தான் தொடுவார் கதவுக்காரர். பட்டறையில் பலகையை ஊதுவதில் நியாயம் இருக்கிறது, அதில் மரத்தூள் படிந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டை ஊதுவார், நாற்காலியை ஊதுவார், கைபேசியை ஊதிவிட்டுக் காதில் வைப்பார். மருமகனாக வரப்போகிறவருக்கு முதல்முதலாகக் கை கொடுக்கப் போனபோதும் அவர் உதடு லேசாகக் குவிந்தது என்று வீட்டில் இன்றைக்கும் ஒரு சிரிப்பு உண்டு.

சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளுக்குக் கதவும் ஜன்னலும் அவர் கை வேலை. தெருவில் நடக்கும்போது தான் செய்த கதவுகளை ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுப் போவார். உள்ளேயிருந்து யாராவது எட்டிப் பார்த்தால், "ஒண்ணுமில்ல, கீல் எப்படி இருக்குன்னு பாத்தேன்" என்பார். விருந்துக்குப் போன வீட்டிலும் வாங்க என்று அழைத்தவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நிலைப்படியின் மூலையைத்தான் பார்ப்பார். நெடிய உடம்பு, வலது பக்கம் சற்றே சாய்ந்த நடை, ஐம்பதைத் தாண்டிய வயது. பேச்சு மட்டும் மிகக் குறைவு. யார் என்ன சொன்னாலும் புன்னகையோடு தலையை ஆட்டி, "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்பார். சொன்ன சொல்லுக்கு மறுப்பே பேசாத மனிதர் என்று அதனாலேயே அவருக்கு நல்ல பெயர்.

பட்டறையில் இழைப்பு மெஷின் ஒன்று இருக்கிறது. அது ஓடத் தொடங்கினால் பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். கதவுக்காரர் அதன் இடது பக்கம் நின்றபடி, வலது காதை அதற்குக் கொடுத்துக்கொண்டு, வாலிபம் முழுவதும் வேலை செய்தவர். பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரோ ஒருமுறை சொன்னதற்கும் பாத்துக்கலாம் என்றுதான் சொன்னார்.

மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். தெருவுக்கு அவர் டைலரம்மா. சிறிய உருவம், கூர்மையான மூக்கு, வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. குண்டூசியை எடுக்காமலே பேசவும் சிரிக்கவும் தெரிந்தவர். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அவள் முன்பெல்லாம் அப்பாவுக்குத்தான் போன் செய்வாள். ஒரு நாள், மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது என்று பதற்றத்தோடு சொன்னபோது, அப்பா மறுமுனையிலிருந்து, "ரொம்ப சந்தோஷம்மா, எல்லாரையும் கேட்டதா சொல்லு" என்றார். அந்தக் கதை சிரிப்புக் கதையாகத்தான் குடும்பத்தில் உலவியது. ஆனால் அதற்குப் பிறகு மகள் அம்மாவின் எண்ணுக்கே அழைக்கத் தொடங்கினாள். அப்பா நல்லா இருக்காரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மனசுக்குள் ஓர் ஆசை மட்டும் விடாப்பிடியாக இருந்தது. அவர் வேலை பழகிய காலத்தில் மரக்கடை முதலாளி ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். ஒற்றை சிலிண்டர், எருமை மாதிரி கனம், கியர் வலது காலில். முதலாளி அதில் வந்து இறங்கினால் கதவுக்காரர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிடுவார். வண்டி நின்ற பிறகும் சூடு ஆறும்வரை டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பார். அந்த ரகம் இப்போது அதிகம் ஓடுவதில்லை. எங்காவது ஒன்று கண்ணில் பட்டால் கதவுக்காரர் நடுவழியில் நின்றுவிடுவார். கூட வந்தவர்கள் பாதித் தெரு போன பிறகு திரும்பிப் பார்த்து அழைக்க வேண்டியிருக்கும்.

பல் டாக்டர் வீட்டுக்குக் கார் ஷெட் கதவு மாற்றப் போன இடத்தில்தான் அது அகப்பட்டது. ஷெட்டின் மூலையில் பழைய படுதாவுக்குக் கீழே ஏதோ குந்தியிருந்தது. படுதாவை விலக்கி, வழக்கம்போல ஊதினார். புழுதி பறந்தது. கரும்பச்சை டேங்கின் மேல் பொன் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. கதவின் அளவை எடுக்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

வண்டி டாக்டரின் அப்பாவுடையது. டாக்டருக்கு அதில் ஏற ஆசையும் இல்லை, தூக்கிப்போட மனசும் இல்லை. ஆசையோடு ஒருவர் கேட்டதும் சம்மதித்துவிட்டார். வண்டியைப் பார்க்கப் போகும்போது மச்சினனைக் கூட அழைத்துப் போங்கள் என்று டைலரம்மா சொன்னார். கதவுக்காரர் பிடி கொடுக்கவில்லை. கூட ஆள் வந்தால் குறை சொல்வார்கள், குறை சொல்லக் கேட்டால் ஆசை குறைந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

டாக்டர் வீட்டு டிரைவர் நெடுநேரம் உதைத்து வண்டியை உயிர்ப்பித்தார். புகை ஷெட்டை நிறைத்தது. கதவுக்காரர் டேங்கின் மேல் கையை வைத்தார். பழைய அதிர்வு உள்ளங்கை வழியாக ஏறி முழங்கைக்கு வந்தது. அவருக்கு வாயெல்லாம் பல். பக்கத்தில் நின்று டாக்டர் எதையோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். எஞ்சினைக் காட்டினார், தன் காதைத் தொட்டுக் காட்டினார். கதவுக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பாத்துக்கலாம் டாக்டர், பாத்துக்கலாம். அன்றே வண்டி கைமாறியது.

தெருமுனையில் வண்டி திரும்பும்போதே டைலரம்மா தையலை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார். கணவர் இறங்கி, பெருமையோடு எஞ்சினை ஓடவிட்டு நின்றார். டைலரம்மா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்வது அபூர்வம்.

"என்னங்க இது, உள்ள யாரோ சுத்தியல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

எஞ்சின் பழசு, அது அப்படித்தான் பேசும் என்றார் கதவுக்காரர். மனைவியின் உதடு அசைந்ததை வைத்து அவர் பாதியை ஊகித்திருந்தார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு தாடி மெக்கானிக் இருக்கிறார். பழைய வண்டி என்றால் கூலியைக்கூடப் பேசாமல் உட்கார்ந்துவிடுகிற ரகம். அவர் வந்து, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்தியும் கேட்டார். பிறகு விரலை உயர்த்தி, ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை ஆட்டிக் காட்டினார். பக்கத்தில் நின்ற டைலரம்மாவின் இமை அதே கணக்கில் துடித்தது. வந்து சேர்ந்திருந்த மச்சினனும் முகத்தைச் சுளித்தார். மூன்று பேரும் ஒரே பாட்டைக் கேட்பதுபோல நின்றார்கள். கதவுக்காரர் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆமாமா" என்றார்.

மெக்கானிக் சொன்னது இவ்வளவுதான். பிஸ்டனிலிருந்து வரும் தண்டு, சுழலும் அச்சான கிராங்கோடு சேரும் இடத்தில் ஒரு பேரிங் இருக்கிறது, அது தேய்ந்து போயிருக்கலாம். அப்படியென்றால் எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும். இந்த ரகத்துக்கு அந்தச் சாமான் கிடைக்காது. தெரியாமல் ஓட்டினால் ஒரு நாள் தண்டு உடைந்து, எஞ்சினையே கிழித்துக்கொண்டு வெளியே வரும். "திறக்காம சத்தியம் பண்ண மாட்டேண்ணே. ஆனா சத்தம் அதைத்தான் சொல்லுது" என்று முடித்தார்.

மச்சினனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவர். ஏமாற்றினார்கள் என்ற சொல் காதில் விழுந்தால் சும்மா இருக்கத் தெரியாதவர். அந்த டாக்டரை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். போன வேகம் திரும்பி வரும்போது இல்லை. அக்காவின் முகத்தைப் பார்க்காமல், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அத்தானின் இடது பக்கமாகச் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"டாக்டர் சொல்லித்தான் கொடுத்திருக்கார் அத்தான். 'எஞ்சின்ல ஒரு தட்டுற சத்தம் இருக்கு, மெக்கானிக்கை வச்சுப் பாத்துட்டு அப்புறம் வாங்கிக்கங்க'ன்னு ரெண்டு தடவை சொன்னாராம். நீங்க சிரிச்சுக்கிட்டே பாத்துக்கலாம்னீங்களாம். வேணாம்னா வண்டியை இப்பவும் திருப்பிக் கொடுத்துடலாம், அவருக்கு வருத்தமில்லைன்னு சொல்லிட்டார்."

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதே மச்சினனின் யோசனை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்க்கலாம் என்றார் கதவுக்காரர்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு பின்கட்டில் தனியாக வண்டியைக் கிளப்பினார். வலது காதைக் கொடுத்தார். இடது காதைக் கொடுத்தார். குந்தி உட்கார்ந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் கன்னம் சுடும்வரை முகத்தைக் கொண்டுபோனார். தூரத்தில் அணை திறந்துவிட்டதுபோல ஒரே சீரான இரைச்சல். அதற்குள் சுத்தியலும் இல்லை, ஒன்றுமில்லை. வண்டியை அணைத்தார். அணைத்த பிறகு வந்த அமைதிக்கும் அதற்கு முன்னால் இருந்ததற்கும் இடையில் எவ்வளவு காதில் விழாமல் விட்டுப்போயிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். வண்டியில் ஒரு சத்தம் போனால் போகட்டும். டாக்டர் அருகில் நின்று சொன்னது போயிருக்கிறது. மகள் பதறிக்கொண்டே சொன்னது போயிருக்கிறது. தலையாட்டிய நேரத்திலெல்லாம் இன்னும் என்னென்ன போயிற்றோ, அதை யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் காலை டைலரம்மா ஒரு பள்ளிச் சீருடைக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தார். கதவுக்காரர் மெஷினுக்கு எதிரில் வந்து நின்றார். வழக்கமாக அவர் அந்த நேரத்தில் பட்டறைக்குக் கிளம்பியிருப்பார். டைலரம்மா மிதிப்பதை நிறுத்தினார்.

"எனக்கு அந்தச் சத்தம் கேக்கலை" என்றார் கதவுக்காரர்.

டைலரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மழை பெய்யுதான்னு பாக்க ஜன்னலுக்கு வெளிய கையை நீட்ட ஆரம்பிச்சீங்களே, அப்பலேர்ந்து."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. பாத்துக்கலாம்னீங்க."

கதவுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைலரம்மா துணியை மடித்து வைத்துவிட்டு, இன்னும் சொன்னார். படுக்கும்போது இடம் மாற்றிப் படுத்ததும், மெஷினை வாசல் பக்கமிருந்து இந்தப் பக்கம் நகர்த்தியதும், அவர் இடது காது தன் பக்கம் இருக்கட்டும் என்றுதானாம். வீட்டின் ஒவ்வொரு கதவும் எந்த அளவில் திறக்கும் என்று தெரிந்த மனிதர், வீட்டுக்குள் இத்தனை சாமான் இடம் மாறியதை ஏன் என்று கேட்டதே இல்லை.

பட்டறைக்கு அன்று அவர் போகவில்லை. மனைவியிடம் ஒரு விஷயத்தை மெல்லச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்னால் இழைப்பு மெஷினில் பேரிங் போனபோது, அங்கிருந்த யாருக்கும் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் உள்ளங்காலில் அது தெரிந்துவிட்டது. தரை வழியாகக் கனமாக ஓர் இடி வரும். மெக்கானிக் சொல்கிற பேரிங் போயிருந்தால் அதே இடி கால் வைக்கிற கட்டையில் வந்தாக வேண்டும். வரவில்லை. கையிலும் வரவில்லை. "எனக்குக் காது போயிடுச்சு, சரி. காலும் போயிடுச்சா?" என்று கேட்டார். தெரியவில்லை, ஆசை அப்படிச் சொல்ல வைக்கிறதோ என்னவோ என்றும் அவரே சேர்த்துக்கொண்டார். சந்தேகம் தீர அவருக்கு ஒரு காது தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் டைலரம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியருகே முக்காலி போட்டு உட்கார்ந்தார். மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய ஸ்குரூ டிரைவர் கையில். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்காரர் சுண்ணாம்புக் கட்டியால் எஞ்சினில் அங்கங்கே புள்ளி வைத்தார். டைலரம்மா ஒவ்வொரு புள்ளியிலும் முனையை ஊன்றிக் கேட்டார். தலைப்பகுதியில் டிக்கு டிக்கு என்று சின்னதாக வருகிறது, அது பரவாயில்லை என்று கையசைத்தார். அடிப்பாகத்தில், மெக்கானிக் சந்தேகப்பட்ட இடத்தில், எங்கிருந்தோ வருவதுபோல மங்கலாகக் கேட்டது. இடது பக்க மூடியில் ஊன்றியதும் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

மூடியைத் தொட்டு, ஒரு விரலைக் காட்டி, இங்கேதான் என்று சைகை செய்தார். எஞ்சினை அணைத்த பிறகு கணவரின் இடது பக்கம் வந்து சொன்னார். "மெஷின்ல சக்கரத்து திருகு கழண்டிருந்தா மிதிக்க மிதிக்கத் தட்டுமே, அந்த மாதிரி. உள்ள எதுவோ ஆடுதுங்க."

கதவுக்காரர் மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தத் திருகு எந்தத் துளைக்கு என்று ஓர் அட்டையில் அதே வரிசையில் குத்தி வைத்தார். அவசரமில்லை. கறுத்த எண்ணெய் தட்டில் வடிந்தது. மூடி கையோடு வந்தது. உள்ளே, கிராங்கின் முனையில், கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் சக்கரம். அதை ஊதினார். விரலால் பிடித்து அசைத்தார். அசைந்தது. கதவின் கைப்பிடி திருகு தளர்ந்தால் எப்படி அசையுமோ அப்படி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். டைலரம்மாவின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். அவரும் அசைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் மாறி மாறி அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்லியனுப்பியதும் தாடி மெக்கானிக் சாப்பிட்ட கையை உதறிக்கொண்டே வந்துவிட்டார். பார்த்தார், தாடியைச் சொறிந்தார். இது ஆடினாலும் பேரிங் போனாலும் ஒரே குரலில்தான் பேசும், பெரிய ஆட்களே இதில் எஞ்சினைப் பிளந்துவிட்டுக் கையைப் பிசைந்திருக்கிறார்கள் என்றார். சக்கரத்தைப் பிடித்து இழுக்கிற கருவியோடு வந்திருந்தார். சக்கரம் வெளியே வந்தது. அது நழுவாமல் பிடித்து நிறுத்த, அரைநிலா வடிவத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். அதன் ஒரு பக்கம் தின்றுபோயிருந்தது. கதவுக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எங்க வேலைல இதுக்குப் பேரு ஆப்பு என்றார். தேக்கில் ஒன்று செதுக்கித் தரட்டுமா என்று கேட்டபோது மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார்.

லேத் கடையில் துண்டைக் கடைந்து வாங்கி, சக்கரத்தை ஏற்றி, நட்டை இரண்டு பேர் பலத்தில் முறுக்க மறுநாள் ஆகிவிட்டது. கதவுக்காரர் உதைத்தார். வண்டி இருமியது. மறுபடி உதைத்தார். மச்சினன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தார். கடைசியில் மெக்கானிக் உதைத்ததும் பிடித்துக்கொண்டது.

கதவுக்காரர் எஞ்சினைப் பார்க்கவில்லை. அதில் அவருக்குப் பார்க்க எதுவும் இல்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டைலரம்மா முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஸ்குரூ டிரைவரை மூடியில் ஊன்றினார். அடிப்பாகத்துக்கு நகர்த்தினார். திரும்ப மூடிக்கு வந்தார். நெற்றிச் சுருக்கம் மெதுவாக அவிழ்ந்தது. காதிலிருந்து கைப்பிடியை எடுத்து, தலைப்பால் துடைத்து மெக்கானிக்கிடம் நீட்டியபடி, போய்விட்டது என்று தலையசைத்தார்.

கதவுக்காரர் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடே மெக்கானிக் பக்கம் திரும்பி, "எனக்கு நேத்தும் இப்படித்தான் கேட்டுச்சு" என்றார். மெக்கானிக் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வீட்டுக்கு வெளியே ஒரு மனிதரிடம் கதவுக்காரர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சொல்லிவிட்ட பிறகு மற்றதெல்லாம் தானாக நடந்தது. மச்சினன் காது டாக்டரிடம் அழைத்துப் போனார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், ஒரு சின்னக் கருவி மாட்டிக்கொண்டால் பேச்சு துலங்கும் என்று சொன்னார்கள். கருவி அளவெடுத்து வர நாளாகும். பட்டறையில் இழைப்பு மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் இப்போது காதை மூடும் கவசங்கள் தொங்குகின்றன. மாட்டாமல் மெஷினைத் தொட்டால் வேலையாட்களுக்கு அவரிடம் திட்டு விழுகிறது. அவர் திட்டி யாரும் கேட்டதில்லை என்பதால் அவர்களுக்கு அதுவே புதுமை. மகள் அடுத்த முறை அம்மாவுக்குப் போன் செய்தபோது அவரே வாங்கி, இடது காதில் வைத்து, "அப்பாவுக்குக் காது மந்தம்மா. மெதுவா, திருப்பிச் சொல்லு" என்றார். மகள் திருப்பிச் சொன்னாள். அன்றைக்கு அப்பாவும் மகளும் நிறையப் பேசினார்கள். மாமியாரின் கால் எப்படியிருக்கிறது என்று தாமதமாக விசாரிக்கவும் செய்தார்.

முந்தாநாள் சாயங்காலம் அவர்களை ஏரிக்கரைச் சாலையில் பார்க்க முடிந்தது. கரும்பச்சை வண்டி அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பின்னால் டைலரம்மா, ஒரு கையால் தலைப்பையும் மறு கையால் கணவரின் தோளையும் பிடித்துக்கொண்டு. பாதி வழியில் முன்னால் குனிந்து எதையோ சொன்னார். கதவுக்காரர் தலையை ஆட்டவில்லை. வண்டியை ஓரம் கட்டினார். மறுபடி கிளப்ப எத்தனை உதை வாங்குமோ தெரியாத அந்த எஞ்சினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்கின் மேல் வைத்தார். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, இடது காதை மனைவியின் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.